பன்னிரண்டு முறைதான் என்று யார் சொன்னது? டாக்டர் ஹூ ரசிகர்களின் தீராத சண்டை

[திரை: இருட்டு. மெல்ல ஒரு நீலப் பெட்டி தெரிகிறது.]

2020 மார்ச் 1. பிபிசியில் டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொடரின் ஒரு சீசன் முடிகிறது. கடைசி எபிசோடில், மாஸ்டர் என்ற வில்லன் டாக்டரிடம் ஒரு ரகசியத்தைப் போட்டு உடைக்கிறான். இதுவரை நாம் எண்ணி வைத்திருந்த டாக்டர்களுக்கெல்லாம் முன்னால், அவருக்கே நினைவில்லாத எத்தனையோ பிறவிகள் இருந்திருக்கின்றன.

அன்று இரவே ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள்.

தொடரைப் பார்க்காதவர்களுக்கு ஒரு நிமிடம். டாக்டர் ஒரு வேற்றுக்கிரகவாசி, டைம் லார்டு என்ற இனம். சாகும் நிலை வந்தால் கூடுவிட்டுக் கூடு பாய்வது போல உடல் மாறிவிடும். நினைவு அப்படியே இருக்கும், முகமும் குணமும் வேறு. 1963 நவம்பர் 23-இல் தொடங்கிய தொடர் இன்றும் பேசப்படுவதற்கு இந்த ஒரு யோசனைதான் காரணம். நடிகர் விலகினால் கதை நிற்க வேண்டியதில்லை.

சரி, சண்டைக்கு வருவோம். எதிர்த்தவர்களின் வாதம் இது: வில்லியம் ஹார்ட்னல் நடித்தவர்தான் முதல் டாக்டர். டைம் லார்டு ஒருவருக்குப் பன்னிரண்டு உடல் மாற்றம்தான். இது தொடரின் அஸ்திவாரம், இதில் கை வைக்கலாமா?

அந்த அஸ்திவாரத்தை எப்போது போட்டார்கள் என்று தேடிப் பார்த்தேன். தொடர் ஆரம்பித்துப் பதிமூன்று வருஷம் கழித்து!

[திரை: 1976. உயரமான கழுத்துப் பட்டைகளோடு அங்கி அணிந்த கிழவர்கள்.]

1976 அக்டோபர், நவம்பரில் 'தி டெட்லி அசாசின்' என்ற நான்கு பகுதிக் கதை வந்தது. எழுதியவர் ராபர்ட் ஹோம்ஸ். அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. மாஸ்டராக நடித்துவந்த ரோஜர் டெல்காடோ, 1973-இல் படப்பிடிப்புக்காகப் போன துருக்கியில் கார் விபத்தில் இறந்துபோனார். அந்தப் பாத்திரத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், ஆனால் அவர் இடத்தில் இன்னொரு அழகான முகத்தைச் சட்டென்று வைக்க முடியாது. ஹோம்ஸின் மாஸ்டர் அழுகிய பிணம் போல வருகிறான். ஏன் இந்த நிலை? எல்லா உடல்களையும் செலவழித்துவிட்டான். அதை விளக்க ஒரு வரி வசனம்: பன்னிரண்டாவது மாற்றத்துக்குப் பிறகு சாவைத் தள்ளிப்போட வழியில்லை.

விதி பிறந்தது இப்படித்தான். ஒரு வில்லன், ஒரு கதை, ஒரு தேவை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கதையை அன்றைய தீவிர ரசிகர்கள் வெறுத்தார்கள். புதிதாகத் தொடங்கியிருந்த டாக்டர் ஹூ ரசிகர் சங்கத்தின் தலைவரே கடுமையாக ஒரு விமர்சனம் எழுதினார். டாக்டர் ஹூவின் மாயம் எங்கே போனது என்று அதன் முடிவில் கேட்டார்.

அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 1969-இல் 'தி வார் கேம்ஸ்' கதையில்தான் டைம் லார்டு என்ற பெயரே முதலில் வந்தது. ஆறு வருஷம் டாக்டர் யார், எந்த இனம் என்றே சொல்லாமல் ஓட்டியிருந்தார்கள். அந்த 1969 டைம் லார்டுகள் கடவுளுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள். அதிகம் பேசமாட்டார்கள், எதிரியை இருந்த சுவடே இல்லாமல் அழித்துவிடுவார்கள். ஹோம்ஸ் அவர்களை என்ன செய்தார்? வம்பு பேசும் கிழட்டு அரசியல்வாதிகளாக, விழா உடையை நினைத்துக் கவலைப்படுகிறவர்களாக, கொலையை மூடி மறைக்கிறவர்களாக ஆக்கினார். தூரத்தில் இருந்த மலையைப் பக்கத்தில் கொண்டுவந்து, பார், வெறும் மண்மேடுதான் என்று காட்டியது போல.

இப்போது பாருங்கள். அன்று தொடரைக் கெடுத்ததாகத் திட்டு வாங்கிய அதே கதை, 2020-இல் தொடரைக் காப்பாற்றும் சாட்சியாகக் கூண்டில் நிற்கிறது.

இன்னும் பின்னால் போனாலும் இதே கதைதான். தொடரை உருவாக்கிய சிட்னி நியூமன், பிதுங்கிய கண் ராட்சதர்களெல்லாம் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இரண்டாவது கதையிலேயே டாலெக்குகள், அதாவது உலோகக் கூட்டுக்குள் வாழும் வேற்றுக்கிரக வில்லன்கள், வந்துவிட்டன, 1963 டிசம்பரில். நியூமனுக்குக் கோபம். பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம். தொடர் பிழைத்ததே டாலெக்குகளால்தான்.

[திரை: நாடாச் சுருள்கள். சில அலமாரிகள் காலி.]

ஆனால் ரசிகர்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். 1976-இல் ஒருவர் பழைய கதையையும் புதிய கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வழியே கிடையாது. வீடியோ கேசட் வீடுகளுக்கு வரவில்லை, மறுஒளிபரப்பும் அரிது. போதாததற்கு, அறுபதுகளின் பல எபிசோடுகளை பிபிசியே அழித்துவிட்டது. ஏழு வருஷத்துக்கு முன் சின்ன வயதில் பார்த்த ஒன்று மனதில் வளர்ந்துகொண்டே போகும். நினைவு ஏமாற்றும் என்று எண்பதுகளின் தயாரிப்பாளர் ஜான் நேதன்-டர்னர் சொன்னது ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. எனக்கென்னவோ பாதி உண்மை என்றுதான் படுகிறது. மீதிப் பாதி, அவர் தன் எபிசோடுகளுக்கு வக்காலத்து வாங்கியது.

2023 நவம்பரில் பிபிசி 800-க்கும் மேற்பட்ட எபிசோடுகளை இணையத்தில் ஏற்றியது. அப்புறம் சண்டை குறைந்ததா? இல்லை, ஆதாரத்தோடு நடக்கிறது.

அந்த ஆதாரத்தில் ஒன்று 2020 எபிசோடுக்குச் சாதகமானது. 1976-இன் தொடக்கத்தில், அதாவது பன்னிரண்டு விதி பிறப்பதற்குச் சில மாதம் முன்பு, 'தி பிரெய்ன் ஆஃப் மார்பியஸ்' என்ற கதை வந்தது. அதில் ஒரு மனப்போர். டாக்டரின் முகங்கள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் திரையில் வருகின்றன. ஹார்ட்னலோடு நிற்கவில்லை, அதற்கு முன்னால் இன்னும் எட்டு முகங்கள்! அவையெல்லாம் தயாரிப்புக் குழுவினர் வேஷம் போட்டு எடுத்துக்கொண்ட படங்கள். அதில் ராபர்ட் ஹோம்ஸும் ஒருவர். ஆக, ஹார்ட்னலுக்கு முன்னால் டாக்டர்கள் உண்டு என்பதற்கும், உடல்களுக்குக் கணக்கு உண்டு என்பதற்கும் ஒரே ஆள் சாட்சி. 2020 எபிசோடு அந்தப் பழைய காட்சியையும் சேர்த்துக்கொண்டது.

அப்படியானால் 2020 எபிசோடு நல்ல எபிசோடா? என் கணக்கில் இல்லை. ஆனால் விதியை மீறியதால் அல்ல. 1976-இல் டாக்டர் அந்தக் கிழவர்களோடு மோதி, ஓடி, அடிபட்டுத்தான் உண்மையைக் கண்டுபிடிக்கிறார். 2020-இல் டாக்டர் நின்றுகொண்டிருக்கிறார், மாஸ்டர் விளக்கிக்கொண்டே போகிறான். அவ்வளவு பெரிய செய்தி பாடம் எடுப்பது போலக் காதில் விழுகிறது. பத்து வருஷம் கழித்து இன்னொரு எழுத்தாளர் அதை ஒரு நல்ல கதைக்குப் பயன்படுத்தினால், நான் இதைத் திருத்திச் சொல்ல வேண்டிவரலாம்.

[திரை: 1986. ஒரு தொலைக்காட்சி ஸ்டூடியோ.]

கடைசியாக ஒரு பழைய காட்சி. 1986 டிசம்பர், பிபிசியின் 'ஓப்பன் ஏர்' நிகழ்ச்சி. அந்த ஆண்டு வந்த பதினான்கு பகுதி டாக்டர் ஹூ கதையைப் பற்றி ரசிகர் சங்க இளைஞர்கள் பேசுகிறார்கள். கதையின் கடைசிப் பகுதியை எழுதிய பிப், ஜேன் பேக்கர் தம்பதியும் நிகழ்ச்சியில் இருக்கிறார்கள். ஒரு 16 வயதுப் பையன், இன்னும் நன்றாக எழுதியிருக்கலாம் என்று அவர்களிடமே தயங்காமல் சொல்கிறான்.

அந்தப் பையனின் பெயர் கிறிஸ் சிப்னால். 2020 மார்ச் 1 எபிசோடை எழுதியவர் அவர்தான்.