போர்டு வாங்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு நாள் சாயங்காலம், கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். கம்பெனியிலேயே பூட்டி முடித்து விற்கும் பிராண்டட் மெஷின். கூடவே, பிரிக்காத அட்டைப்பெட்டியில் புது மதர்போர்டு. "அண்ணா, பழைய போர்டுல ஓவர்க்ளாக் பண்ண வழியே இல்ல. அதான் இசட்170 போர்டு வாங்கிட்டேன். மாட்டிக் கொடுங்க" என்றார். ஓவர்க்ளாக் என்பது, கம்பெனி வைத்துக் கொடுத்த வேகத்தைவிட அதிக வேகத்தில் ப்ராசசரை ஓட்டுவது. சேர்த்துவைத்து வாங்கிய பொருள் என்பது அவர் அந்தப் பெட்டியைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

கூலரைக் கழற்றினேன். காய்ந்து சுண்ணாம்பு மாதிரி ஆகியிருந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, ப்ராசசரின் உலோக மூடியை வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தேன். ஐ5-6500. எண்ணுக்குப் பின்னால் எழுத்து எதுவும் இல்லை. எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அவர் வாங்கிவந்த போர்டு நல்ல போர்டுதான். ஆனால் பூட்டு இருந்தது ப்ராசசருக்குள்ளே.

ப்ராசசரின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல். அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ், அதோடு பெருக்கும் மல்டிப்ளையர் 32 என்றால் 3200 மெகாஹெர்ட்ஸ், அதாவது 3.2 கிகாஹெர்ட்ஸ். ஓவர்க்ளாக் செய்கிறோம் என்றால் பெரும்பாலும் இந்த மல்டிப்ளையரைத்தான் ஏற்றுகிறோம். இன்டெல் ப்ராசசர்களில் பெரும்பாலும், பெயரில் எண்ணுக்குப் பின்னால் 'கே' என்ற எழுத்து இருந்தால்தான் அதை ஏற்ற முடியும். அதோடு போர்டின் இணைப்புகளை நிர்வகிக்கும் சில்லான சிப்செட்டும், இசட்170 மாதிரி இசட் வரிசையாக இருக்க வேண்டும். 'எச்' அல்லது 'பி' வரிசைச் சிப்செட்டில் 'கே' ப்ராசசரை வைத்தாலும் மல்டிப்ளையர் அசையாது. வங்கி லாக்கருக்கு அவர்கள் சாவியும் நம் சாவியும் சேர வேண்டும் அல்லவா, அதே கணக்கு. அந்தத் தம்பியிடம் ஒரு சாவிதான் இருந்தது.

மல்டிப்ளையரை விட்டுவிட்டு 100 என்ற அடிப்படைத் துடிப்பையே ஏற்றிவிடலாமே என்று கேட்பார்கள். 2011இல் வந்த சாண்டி பிரிட்ஜ் காலத்திலிருந்து ஹார்டு டிஸ்க் இணைப்பு, கிராபிக்ஸ் கார்டு இணைப்பு எல்லாம் அந்த ஒரே துடிப்பில்தான் ஓடின. நூற்றுக்குச் சில புள்ளிகள் ஏற்றினாலே டிஸ்க் தடுமாறும். 2015இல் ஸ்கைலேக் வந்தபோது அந்தப் பிணைப்பு தளர்ந்தது. சில போர்டு தயாரிப்பாளர்கள் 'கே' இல்லாத ப்ராசசர்களையும் ஏற்றும் வகையில், போர்டை இயக்கித் தொடங்கும் மென்பொருளான பயாஸைக் கொடுத்தார்கள். 2016இல் இன்டெல், ப்ராசசருக்குள் ஓடும் கட்டளைத் தொகுப்பான மைக்ரோகோடு வழியாக அந்த வழியை அடைத்துவிட்டது. அந்தக் காலத்துக் கட்டுரையைப் படித்துவிட்டு இன்றைக்கும் சிலர் போர்டு வாங்கிவருகிறார்கள்.

ஏஎம்டி கம்பெனியின் ரைசன் ப்ராசசர் பக்கம் நிலைமை எளிது. அநேகமாக எல்லாம் திறந்தே வரும், 2022இல் வந்த 5800எக்ஸ்3டி போன்ற சில தவிர. பி450, பி550, எக்ஸ்570 மாதிரியான சிப்செட்டுகள் ஓவர்க்ளாக்கை அனுமதிக்கும். ஏ320, ஏ520 அனுமதிக்காது. விலை குறைந்த பிராண்டட் மெஷின்களில் பல நேரம் அந்த ஏ வரிசைதான் இருக்கும். அலுவலக மெஷின்களில் வரும் ப்ரோ வகை ரைசனில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அவற்றில் சில, தயாரித்த கம்பெனியின் போர்டோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டிருக்கும். வேறு போர்டில் வைத்தால் உயிரே வராது.

ப்ராசசர் உட்காரும் சாக்கெட்டிலும் ஏமாற ஒரு இடம் இருக்கிறது. எல்ஜிஏ 1151 என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் வாங்கிவிடாதீர்கள். ஆறாம், ஏழாம் தலைமுறை ப்ராசசருக்கும் அந்தப் பெயர்தான், 2017இல் வந்த எட்டாம் தலைமுறைக்கும் அந்தப் பெயர்தான். ஆனால் ஒன்றுக்கான போர்டு மற்றதற்கு ஆகாது. அதனால் காசை எடுக்கும் முன் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். ப்ராசசரின் முழுப்பெயர், சாக்கெட், சிப்செட் மூன்றையும் அது சொல்லிவிடும்.

இனி போர்டுக்கு வருவோம். விளம்பரத்தில் கடைசி வரியாக வருவதும், நான் முதலில் பார்ப்பதும் ஒன்றுதான்: ப்ராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி. விஆர்எம் என்பார்கள். பவர் சப்ளை 12 வோல்ட் கொடுக்கிறது. ப்ராசசருக்கு வேண்டியதோ 1.2 வோல்ட் அளவில்தான். 100 வாட் எடுக்கும் ப்ராசசருக்கு 1.2 வோல்ட்டில் 83 ஆம்பியர் பாய வேண்டும். கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு சில்லுக்குள் இத்தனை ஆம்பியர்! இப்போது வேகத்தை 4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.6க்கு ஏற்றுகிறோம், அது நிலையாக ஓட வோல்டேஜை 1.35க்கு உயர்த்துகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்செலவு, வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடும். வேகத்தில் கிடைத்தது நூற்றுக்குப் 15. மின்செலவோ 100 வாட்டிலிருந்து சுமார் 145க்குப் போய்விடும். ஆம்பியர் 108ஐ நெருங்கும். இந்தச் சுமை முழுவதும் விஆர்எம்மின் தலையில்.

பிராண்டட் மெஷினின் போர்டைத் திறந்து சாக்கெட்டின் ஓரத்தைக் கவனியுங்கள். மின்னோட்டத்தைச் சீராக்கும் சோக்குகள், சதுரக் கட்டிகளாக மூன்று நான்கு வரிசையாக இருக்கும். அவற்றின் பக்கத்தில் கருப்பாக, தட்டையாக, மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட்டுகள், பெரும்பாலும் மேலே சூட்டை இறக்கும் ஹீட்சிங்க் எதுவும் இல்லாமல். தயாரித்தவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன். 65 வாட் ப்ராசசருக்கு அது போதும். ஓவர்க்ளாக்குக்குப் போதாது. சோக்குகளை எண்ணினால் சுமையைப் பகிரும் மின்கட்டங்களின் (ஃபேஸ்) எண்ணிக்கை ஓரளவு தெரியும். ஒரே ஆள் மூட்டை தூக்குவதற்கும் நான்கு பேர் மாறி மாறித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் கட்டங்கள் கூடுவது. ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பிவிடக் கூடாது. உள்ளே நான்கு கட்டம்தான், ஒவ்வொன்றுக்கும் இரண்டு சோக் வைத்து எட்டு என்று அச்சடிப்பதும் உண்டு. மாஸ்ஃபெட்டுகள் எத்தனை ஆம்பியர் தாங்கும், அவற்றின் மேல் இருக்கும் ஹீட்சிங்க் உண்மையிலேயே கனமான உலோகமா, வெறும் பிளாஸ்டிக் அலங்காரமா என்று பார்க்க வேண்டும். விஆர்எம் சூடேறினால் போர்டே ப்ராசசரின் வேகத்தைக் குறைத்துவிடும். ஏற்றிய வேகம் ஐந்து நிமிடம் நிற்கும், பத்தாவது நிமிடம் இறங்கிவிடும். காரணம் தெரியாமல் பலர் ப்ராசசரைக் குறை சொல்வார்கள்.

என்னைக் கேட்டால், இசட் வரிசையிலேயே உச்சியில் இருக்கும் போர்டு வேண்டாம். கனமான ஹீட்சிங்க் உள்ள நடுத்தர போர்டு போதும். மிச்சமாகும் பணத்தைக் கூலருக்கும் பவர் சப்ளைக்கும் போடுங்கள். பயாஸை அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பட்டன் போர்டின் பின்பக்கத்திலேயே இருந்தால் அது பெரிய வரம். அளவு மிஞ்சி ஏற்றியதால் திரை வராமல் போகும் இரவுகளில் அதன் அருமை தெரியும்.

பிராண்டட் மெஷினுக்கே உரிய தொல்லைகள் கேபினட்டில் இருக்கின்றன. பவர் சப்ளையைப் பாருங்கள். பொதுவான போர்டுக்கு 24 பின் இணைப்பும், ப்ராசசருக்குத் தனியாக 8 பின் இணைப்பும் வேண்டும். பிராண்டட்டில் 6 பின், 10 பின் என்று அவர்களுக்கே உரிய வடிவங்கள் வரும். அதற்கு அடாப்டர் தேடாதீர்கள், பவர் சப்ளையையே மாற்றுங்கள். ஸ்க்ரூ மாட்டும் பித்தளைத் தூண்கள் புது போர்டின் துளைகளுக்கு நேராக இருக்கின்றனவா என்று வைத்துப் பார்க்க வேண்டும். துளை இல்லாத இடத்தில் ஒரு தூண் நின்றால் போர்டின் அடியில் முட்டி ஷார்ட் ஆகிவிடும்.

முன்பக்கப் பட்டன் ஒயர்கள் ஒரே கட்டியாக, வேறு வரிசையில் வரலாம். அதற்கு ஒரு வழி சொல்கிறேன். மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, ஒயர்களை இரண்டிரண்டாகத் தொட்டபடி பவர் பட்டனை அழுத்துங்கள். எந்த ஜோடியில் அழுத்தும்போது மட்டும் ஒலி வருகிறதோ அதுதான் சுவிட்ச். சுவிட்சுக்கு இடவலம் கிடையாது, எப்படி மாட்டினாலும் வேலை செய்யும். விளக்கு ஒயர்களுக்கு மட்டும் பிளஸ், மைனஸ் பார்க்க வேண்டும்.

விண்டோஸை மறந்துவிடாதீர்கள். பிராண்டட் மெஷினோடு வரும் லைசென்ஸ் அந்தப் பழைய போர்டோடு சேர்ந்தது. விண்டோஸ் 8 வந்த 2012இலிருந்து அந்த லைசென்ஸின் கீ, மதர்போர்டின் பயாஸுக்குள்ளேயே பதிந்து வருகிறது. போர்டை மாற்றினால் புது லைசென்ஸ் செலவும் கணக்கில் வர வேண்டும். விண்டோஸின் டிஸ்க் பூட்டும் வசதியான பிட்லாக்கரில் டிஸ்க்கைப் பூட்டியிருந்தால் மீட்புக் கீயை முன்பே தாளில் எழுதி வையுங்கள். அது இல்லாமல் போர்டை மாற்றிவிட்டு, குடும்பப் படங்கள் அத்தனையையும் இழந்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

புதிய தலைமுறை ப்ராசசர் வைத்திருப்பவர்களிடம் மட்டும் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்வேன். அவை தொழிற்சாலையிலிருந்தே எல்லைக்கு அருகில் ஓடுகின்றன. 2024இல் இன்டெலின் பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறை ப்ராசசர்கள் அதிக வோல்டேஜால் பழுதானபோது, மைக்ரோகோடு திருத்தமும் கூடுதல் வாரண்டியும் கொடுக்க வேண்டிவந்தது. அந்த வரிசைக்கு போர்டு வாங்குகிறவர்கள் முதல் வேலையாக பயாஸைப் புதுப்பியுங்கள். ஓவர்க்ளாக் யோசனை அதற்குப் பிறகுதான்.

அந்தத் தம்பியிடம் இதையெல்லாம் சொல்ல ஒரு மணி நேரம் ஆயிற்று. போர்டைத் திருப்பிக் கொடுக்க நாள் கடந்துவிட்டது. அதே சாக்கெட்டில் உட்காரும் ஐ5-6600கே ஒன்றைப் பழையதாகத் தேடிப் பிடிக்கச் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து அதோடு வந்தார். நல்ல கூலரும் பவர் சப்ளையும் போட்டு மாட்டினோம். மல்டிப்ளையரை ஒவ்வொன்றாக ஏற்றினோம். ஒவ்வொரு முறையும் ப்ராசசரைக் கடுமையாகச் சோதிக்கும் பிரைம்95 மென்பொருளை ஓட்டி, சூட்டையும் வோல்டேஜையும் அவர் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். 44 வரை ஒழுங்காக ஓடியது. 45இல் இருபதாவது நிமிடம் உறைந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் கொடுத்துப் பார்க்கலாமா அண்ணா?" என்றார். விஆர்எம் ஹீட்சிங்க் மேல் அவர் கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்த கையை உடனே எடுத்துக்கொண்டார். நோட்டில் 45ஐ அடித்துவிட்டு 44ஐச் சுற்றி வட்டம் போட்டார்.

நன்றி, வணக்கம்.