இருநூறு பேரின் வேலை

நேயர்களுக்கு வணக்கம்.

1933-ஆம் ஆண்டில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் அடுத்தடுத்து மூன்று இசைப் படங்களை வெளியிட்டது: 'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்', 'கோல்ட் டிகர்ஸ் ஆஃப் 1933', 'ஃபுட்லைட் பரேட்'. மூன்றுமே மேடை நிகழ்ச்சி ஒன்று உருவாகும் கதைகள்தாம். அப்போது அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்தக் கவலையை மறக்கத்தான் மக்கள் இப்படங்களுக்குப் போனார்கள் என்று வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தப் படங்களில் வேலையைப் பற்றிய பேச்சு ஓய்வதே இல்லை.

'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்' படத்தையே பாருங்கள். வார்னர் பாக்ஸ்டர் நடித்த இயக்குநர் ஜூலியன் மார்ஷ் பங்குச் சந்தை வீழ்ச்சியில் பணத்தை இழந்தவர், உடல்நலமும் கெட்டவர். குழுநடனப் பெண்களை ஐந்து வாரம் வாட்டி எடுக்கிறார். கால் கடுக்க ஆடுகிறார்கள், திட்டு வாங்குகிறார்கள், ஒருத்தி மயங்கியே விழுகிறாள். அரங்கேற்றத்துக்கு முன்பு நாயகியின் கணுக்கால் முறிந்துபோக, ரூபி கீலர் நடித்த புதுமுகப் பெண் அவளுடைய இடத்துக்கு வருகிறாள். மேடையேறும் முன் மார்ஷ் அவளிடம் கலையைப் பற்றிப் பேசுவதில்லை. இருநூறு பேர், இருநூறு வேலைகள், இரண்டு லட்சம் டாலர், எல்லாம் உன்னை நம்பி இருக்கின்றன என்கிறார். அன்றைய ரசிகர்களுக்கு அந்தக் கணக்கு எப்படிக் கேட்டிருக்கும்! நிகழ்ச்சி வென்ற பிறகு, வெளியே வரும் கூட்டம் மார்ஷின் உழைப்பைத் துச்சமாகப் பேசிக்கொண்டு போகிறது. அவர் படிக்கட்டில் தனியே உட்கார்ந்து கேட்கிறார். படம் அங்கேயே முடிகிறது. வெற்றிக் கதைக்கு இவ்வளவு நேர்மையான முடிவை நான் அதிகம் பார்த்ததில்லை.

நடனக் காட்சிகளை அமைத்தவர் பஸ்பி பெர்க்லி. முறையாக நடனம் பயிலாதவர். முதல் உலகப் போரின்போது ராணுவத்தில் அணிவகுப்புகளை வகுத்தவர். கேமராவை உச்சிக்கு ஏற்றி, ஆடும் பெண்கள் பூக்கோலம்போல் விரிவதைக் காட்டினார். எந்த நாடக அரங்கிலும் எந்த இருக்கையிலிருந்தும் அதைப் பார்க்க முடியாது. அவ்வளவு பெரிய காட்சி எந்த மேடையிலும் அடங்காது. ஆனாலும் நாம் மறுத்துப் பேசுவதில்லை. ஒத்திகையில் அவர்கள் சிந்திய வியர்வையை ஏற்கெனவே பார்த்துவிட்டோமே! இத்தனை பாடுபட்டவர்களுக்கு மேடை சற்று அகன்று கொடுத்தால் என்ன என்றே மனம் கேட்கிறது.

1952-இல் வந்த 'சிங்கிங் இன் த ரெயின்' படத்திலும் இந்த நியாயம் தொடர்கிறது. முன்னால் நிற்கும் நட்சத்திரம் வாயை மட்டும் அசைக்கிறாள். திரைக்குப் பின்னால் வேறொரு பெண் பாடுகிறாள். திரையை விலக்கி, பாடியவளை ஊரறியக் காட்டுகிறார்கள். அந்த இடத்தில் எனக்கு இன்றும் கண் கலங்கும்.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் 'கோல்ட் டிகர்ஸ்' படத்தைச் சொல்வேன். நாணயங்களை ஆடையாக அணிந்த பெண்கள், பணம் கொழிக்கிறது என்று பாடும் ஒத்திகையில் அது தொடங்குகிறது. பாதியில் கடன் பாக்கிக்காக அதிகாரிகள் புகுந்து, உடைகளையும் அரங்கப் பொருள்களையும் பறிமுதல் செய்கிறார்கள். அதே படம், போருக்குப் போய்த் திரும்பிய வீரர்கள் இலவச உணவுக்கு வரிசையில் நிற்கும் பாடலோடு முடிகிறது. போர்வீரர்கள் தங்களுக்கு உரிய ஊக்கத்தொகை கேட்டு வாஷிங்டனில் திரண்டு, ராணுவத்தால் விரட்டப்பட்டது அதற்கு முந்தைய ஆண்டில்தான். அதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கடைசிப் பாடலைப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.