குளோசபின் சாப்பிடுபவருக்குத் தொண்டை வலித்தால்...

[காட்சி: விடியற்காலை. கட்டிலில் ஒரு தலையணை. உறையில் பெரிய ஈரத்தடம்.]

வணக்கம். இது எச்சில். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய்க்குத் தரும் குளோசபின் மாத்திரை சாப்பிடுபவர் இருக்கும் வீட்டில் காலையில் தலையணை உறை மாற்றுவது அன்றாட வேலை. பார்த்தால் பயமாக இருக்கும். பெரும்பாலும் தொல்லைதான், ஆபத்து இல்லை. ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள், தலையணை மேல் ஒரு துண்டு விரியுங்கள், அடுத்த தடவை டாக்டரிடம் சொல்லுங்கள். பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும்.

மனச்சிதைவு நோய்க்கு எடுத்த எடுப்பில் குளோசபின் தரமாட்டார்கள். வேறு இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், போதிய காலம் கொடுத்தும், யாரும் பேசாமலே காதில் கேட்கும் குரல்கள் அடங்காதபோதுதான் பொதுவாக இதற்கு வருவார்கள். 1988இல் அமெரிக்காவில் அப்படிப்பட்ட 268 பேரிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. பழைய மருந்தான குளோர்ப்ரோமசினில் 100க்கு 4 பேர் தேறினார்கள், குளோசபினில் 30 பேர். தற்கொலை எண்ணத்தைக் குறைப்பதிலும் இதற்குத் தனி இடம் உண்டு. எனக்கு இந்த மருந்தின் மேல் பெரிய மரியாதை.

[காட்சி: ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் தேதிவாரியாக ஒட்டிய நோட்டு.]

ஆனால் 1975இல் ஃபின்லாந்தில் இதைச் சாப்பிட்டவர்களில் 8 பேர் இறந்தார்கள். தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் திடீரென்று சரிந்ததுதான் காரணம். சுமார் 100 பேரில் ஒருவருக்கோ அதைவிடக் குறைவாகவோதான் இப்படி ஆகும். அதுவும் பெரும்பாலும் முதல் சில மாதங்களில். அதனால்தான் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை, அப்புறம் மெல்ல இடைவெளி விடுவது என்று வழக்கம் வந்தது.

இரண்டு பரிசோதனைக்கு நடுவில் காய்ச்சலோ தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால், கஷாயம் குடித்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அன்றே டாக்டரிடம் சொல்லி ரத்தத்தைப் பாருங்கள். முதல் சில வாரங்களில் நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், படபடப்பு என்றாலும் உடனே போக வேண்டும். இதயத் தசை வீங்கியிருக்கலாம்.

[காட்சி: சமையலறை. ஒரு சொம்பு தண்ணீர், கீரை, வாழைப்பழம்.]

இனி மலச்சிக்கல். ரத்தத்துக்குப் பயப்படும் வீடுகள்கூட இதைச் சாதாரணமாக விட்டுவிடுகின்றன, அதுதான் எனக்குப் பெரிய கவலை. குளோசபின் குடலின் அசைவையே மந்தமாக்கும். முற்றினால் குடல் நின்றுபோய் உயிருக்கே ஆபத்தாகும். சாப்பிடுபவர் தானாகச் சொல்லமாட்டார், கூச்சப்படுவார். "இன்னிக்கு வயிறு சரியா போச்சாப்பா?" என்று தினமும் கேளுங்கள். கீரையும் பழமும் தண்ணீரும் மட்டும் போதாமல் போகலாம், மலமிளக்கி வேண்டுமா என்று ஆரம்பத்திலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வயிறு உப்பி, வலித்து, வாந்தியும் வந்தால் நேரே அவசர சிகிச்சைக்கு.

உடல் எடையும் சர்க்கரையும் ஏறும், இரண்டையும் தவறாமல் பாருங்கள்.

[காட்சி: திண்ணையில் பீடிக் கட்டு.]

பீடி, சிகரெட் பிடிப்பவரா? புகையிலையின் புகை, கல்லீரல் இந்த மருந்தை வேகமாகக் கரைக்கும்படி தூண்டுகிறது. அவர் திடீரென்று புகையை விட்டால் அதே மாத்திரை ரத்தத்தில் அளவு மீறும். தூக்கம் அழுத்தும், வலிப்புகூட வரலாம். புகையை விடுவது நல்லதுதான். விடும் முன் டாக்டரிடம் சொன்னால் மாத்திரை அளவைக் குறைப்பார். காபி கூடினாலும் மருந்தின் அளவு ஏறும், அதையும் சொல்லுங்கள்.

[காட்சி: ஊருக்குக் கிளம்பும் பை. மேசையில் மறந்துபோன மாத்திரை அட்டை.]

கல்யாணம், திருவிழா என்று போன இடத்தில் மாத்திரை விட்டுப்போவது உண்டு. 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போயிருந்தால் பழைய அளவை அப்படியே கொடுக்காதீர்கள். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயங்கி விழக்கூடும். டாக்டருக்குப் போன் செய்யுங்கள், மறுபடி 12.5 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவார்.