பம்பு இழுக்கிறது, பலகை நிற்கவில்லை

நேயர்களுக்கு வணக்கம். வியாசர்பாடியில் மரப்பட்டறை நடத்துகிறவன் நான். கணினி சொல்கிறபடி மரத்தைச் செதுக்கும் சி.என்.சி. ரவுட்டர் இயந்திரத்தின் மேசையில், பம்பு காற்றை உறிஞ்சுவதால் கிடைக்கும் வேக்குவம் பிடிமானம் குறைந்து பலகை நகர்ந்துவிடும் தொல்லையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அரை நூல் நகர்ந்தாலும் கதவுப் பூவேலை பாழ் என்பது தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். மற்றவர்களும் கேட்கலாம், தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் அடிபம்பு அடித்து வளர்ந்தவர்களுக்கு இதன் சூட்சுமம் பாதி தெரிந்ததுதான்.

அடிபம்பில் வாசர் காய்ந்து தண்ணீர் ஏறாதபோது என்ன செய்வோம்? மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி அடிப்போம். ஊற்றிய நீர் வாசரின் ஓரத்தில் காற்று நுழையும் இடைவெளியை அடைத்துவிடுகிறது. கை வலு கூடவில்லை, ஓட்டைதான் அடைபட்டது. ரவுட்டர் மேசையிலும் அதே கதைதான். பம்பு பலகையைப் பிடித்து இழுப்பதில்லை; அடியிலுள்ள காற்றைக் குறைக்கிறது, மேலிருக்கும் காற்று சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ வரை அமுக்குகிறது. வேண்டாத வழியில் காற்று நுழைந்தால் அந்த அமுக்கம் போய்விடும்.

எங்கள் பட்டறையில் பலகை நகரத் தொடங்கியபோது, இரண்டாவது பம்பு வாங்குவதாகவே முடிவுசெய்து முன்பணத்தையும் எடுத்து வைத்திருந்தேன். அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் மூத்த ஆசாரி வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்த மேசையைச் சுற்றி ஊதுபத்தி காட்டினார். மூன்று பக்கமும் நேராக எழுந்த புகை, நான்காவது பக்கத்தில் சட்டென்று வளைந்து, வெட்டும் பலகைக்கு அடியில், காற்று ஊடுருவிப் போக மேசைமேல் விரித்திருந்த எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) அடிப்பலகையின் விளிம்புக்குள் புகுந்தது. "முதலாளி, பம்பு நம்ம ஜாப் பலகையை இழுக்கல, பட்டறைக் காத்தைத்தான் இழுக்குது" என்றார் அவர். (மரத்தூள் இருக்குமிடத்தில் நெருப்பு ஆகாது, நீங்கள் மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.) எம்.டி.எஃப். பலகையின் இரு முகங்களும் இறுகியிருக்கும், பக்கவாட்டு விளிம்போ பஞ்சுபோல் காற்றை விடும். பழைய அடிப்பலகையை மாற்றியவர்கள் புதியதன் விளிம்புக்குப் பெயின்ட் அடிக்க மறந்திருந்தார்கள். இரண்டு கோட்டு பெயின்ட் அடித்து, இரு முகத்திலும் இறுகிய மேல்தோலைச் சீவியெடுத்ததும், பழைய பம்பே போதுமானதாயிற்று.

ஆகவே, பம்பு வாங்குமுன் பம்பை ஒட்டியிருக்கும் வால்வை மூடி, வேக்குவத்தின் அளவைக் காட்டும் கேஜைப் பாருங்கள். மூடிய நிலையிலும் முள் ஏறாவிட்டால் பம்பிலேயே கோளாறு. மூடினால் ஏறி, திறந்தால் இறங்கினால், மேசைப் பக்கம் காற்று நுழைகிறது. மேசையில் பலகை மூடாத பகுதிகளுக்கான தனி வால்வு திறந்தே கிடக்கிறதா என்பதையும் அப்போது பார்க்க வேண்டும். பம்பு வால்வு திறந்திருந்தும் முள் மேலேயே நிற்க, பலகை மட்டும் ஆடினால், அது பலரை ஏமாற்றும் இடம்: ஃபில்டரிலோ குழாயிலோ தூள் அடைத்திருக்கும். பம்பின் அருகிலுள்ள கேஜ் பம்பின் செய்தியைத்தான் சொல்லும். மேசைக்குத் தனியாக ஒரு கேஜ் வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன், இங்கும் சொல்கிறேன்.

கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. சிறு துண்டுகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். பாதி வேக்குவத்தில் 10க்கு 5 சென்டிமீட்டர் துண்டின் மேல் 25 கிலோதான் அமுக்கம். கட்டரோ பக்கவாட்டில் தள்ளுகிறது. அடியில் அரை மில்லிமீட்டர் மரத்தைத் தோலாக விட்டு வெட்டி, கடைசிச் சுற்றில் மெதுவாகப் பிரியுங்கள். மழைக்காலத்தில் வளைந்த பிளைவுட்டுக்கு, கட்டர் வராத ஓரத்தில் திருகு போட்டுக்கொள்ளுங்கள். வணக்கம்.