யானை மீது வந்த தலைவரும் அட்டை உயர்த்திய மாநாடும்

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

நாடாளுமன்றத் தேர்தலில் தோற்ற கட்சியைத் தூக்கி நிறுத்துவது தலைமையா, உட்கட்சிச் சீர்திருத்தமா என்னும் இந்தப் பட்டிமன்றத்தில், உட்கட்சிச் சீர்திருத்தமே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் இரண்டு பெயர்களைச் சொல்லியே கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். இந்திரா காந்தி 1977இல் தோற்றபின், தலித்துகள் படுகொலை செய்யப்பட்ட பீகாரின் பெல்ச்சி கிராமத்துக்கு யானை மீதேறிப் போனார், மூன்றே ஆண்டுகளில் ஆட்சியைப் பிடித்தார். டோனி பிளேர் 1994இல் பிரிட்டனின் தொழிலாளர் கட்சிக்குத் தலைவரானார், 1997இல் 418 இடங்களை வென்றார். எனவே நல்ல தலைவர் வாய்த்தால் கட்சி தானாக எழுந்துவிடும் என்றார். அந்த இரண்டு பெயர்களையும் விட்டு நானும் விலகப் போவதில்லை.

முதலில் இந்திரா காந்தி. 1977இல் காங்கிரஸ் 154 இடங்களுக்குச் சுருங்கி, ரேபரேலியில் அவரே தோற்றபோதும் அவர்தான் அக்கட்சியின் முகம். 1980 ஜனவரியில் 353 இடங்களுடன் திரும்பியபோதும் அவர்தான் முகம். தலைமை மாறவே இல்லை என்றால், நடுவில் மாறியது என்ன? ஜனதா கட்சி தனக்குள்ளேயே அடித்துக்கொண்டு உடைந்தது. மொரார்ஜி தேசாய் 1979 ஜூலையில் விலகினார். அடுத்து வந்த சரண்சிங் மக்களவையைச் சந்திக்காமலேயே பதவி விலகினார். யானைச் சவாரியின் துணிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த வெற்றி காங்கிரசின் உள்வீட்டுக் குறைகளைச் சரிசெய்யவில்லை, மூடி மறைத்தது. 1972க்குப் பிறகு அக்கட்சியில் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் அமைப்புத் தேர்தல் நடந்தது நரசிம்மராவ் காலத்தில், 1992இல்தான். இடைப்பட்ட இருபது ஆண்டுகளும் மேலிடத்து நியமனமே வழக்கமாக இருந்தது. 1984இல் 400 இடங்களைத் தாண்டிய அதே கட்சி, அதன் பிறகு ஒரு மக்களவைத் தேர்தலிலும் தனிப்பெரும்பான்மை பெறவில்லை என்பதை எதிரணியினர் தம் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி பிரிட்டனுக்கு வருகிறேன். இன்றைய வழக்கின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. 1983 ஜூனில் நடந்த பொதுத்தேர்தலில் மார்கரெட் தாட்சரின் கன்சர்வேட்டிவ் கட்சி 397 இடங்களைப் பிடிக்க, மைக்கேல் ஃபுட் தலைமையிலான தொழிலாளர் கட்சி 27.6 விழுக்காடு வாக்குகளுடன் 209 இடங்களில் நின்றது. கட்சியிலிருந்து பிரிந்து போனவர்கள் லிபரல்களோடு சேர்ந்து அமைத்த கூட்டணி 25.4 விழுக்காடு வாங்கியது. எதிர்க்கட்சி என்ற இடமே கைநழுவிப் போகும் நிலை அது. நூற்றுக்கும் மேற்பட்ட தொகுதிகளில் டெபாசிட் பறிபோனது. ஒருதலைப்பட்சமாக அணு ஆயுதத்தைக் கைவிடுவோம், ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்திலிருந்து வெளியேறுவோம் என்று முழங்கிய அந்தத் தேர்தல் அறிக்கையை, கட்சிக்காரரான ஜெரால்ட் காஃப்மனே வரலாற்றிலேயே மிக நீளமான தற்கொலைக் கடிதம் என்று சொன்னதாக இன்றும் பேசுகிறார்கள்.

ஆளுங்கட்சி சறுக்கினால் எதிர்க்கட்சி தானே வந்துவிடும் என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் இடையில் ஒரு வரி சொன்னார். 1983இல் பிரிட்டனில் வேலையற்றோர் 30 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். 1982இல் அர்ஜென்டினாவோடு நடந்த ஃபாக்லாந்துப் போர் வெற்றி தாட்சருக்குக் கைகொடுத்தது உண்மைதான். ஆயினும் அத்தனை பேர் வேலையற்றிருந்தும் தொழிலாளரின் பெயரைத் தாங்கிய கட்சியை மக்கள் நம்பவில்லை. 1992 செப்டம்பர் 16 அன்று பவுண்டு சரிந்து, ஐரோப்பிய நாணயங்களின் மதிப்பை ஒன்றோடொன்று பிணைத்திருந்த செலாவணி ஏற்பாட்டிலிருந்து பிரிட்டன் வெளியேற நேர்ந்தபோது அதே கட்சியின் பக்கம் மக்கள் திரும்பினார்கள் என்றால், இந்த ஒன்பது ஆண்டுகளில் கட்சிக்குள் என்ன நடந்தது என்றுதான் கேட்க வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். லிவர்பூல் நகராட்சி, கட்சிக்குள் தனிக்கட்சி போல இயங்கிய மிலிட்டன்ட் என்னும் தீவிர இடதுசாரிக் குழுவின் பிடியில் இருந்தது. அரசோடு நிதி மோதலில் இறங்கிய அந்த நகராட்சி, காலம் வாங்குவதற்கான ஓர் உத்தியாக, தன் ஊழியர்கள் சுமார் 30,000 பேருக்கு வேலைநீக்க அறிவிப்பை அனுப்பியது. அதையும் வாடகை டாக்சிகளில் ஏற்றி ஊர் முழுக்க விநியோகித்தது. 1985 அக்டோபரில் போர்ன்மவுத் மாநாட்டில் கட்சித் தலைவர் நீல் கின்னக் அந்த டாக்சிகளைப் பெயர் சொல்லியே கண்டித்தார். மேடையிலிருந்த லிவர்பூல் நாடாளுமன்ற உறுப்பினர் எரிக் ஹெஃபர் எழுந்து வெளியேறினார். நகராட்சித் துணைத்தலைவர் டெரிக் ஹாட்டன் அரங்கிலிருந்தபடியே கூச்சலிட்டார். எதிரணி நண்பர்கள் உடனே, பார்த்தீர்களா, ஒரு தலைவரின் பேச்சு என்பார்கள். பேச்சோடு அது முடிந்திருந்தால் அன்றைய தொலைக்காட்சிச் செய்தியோடு போயிருக்கும். விசாரணை நடந்தது, வழக்குகளைக் கடந்து 1986இல் ஹாட்டன் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். 1987இல் மீண்டும் தோற்றபின் கொள்கைகள் துறைவாரியாக மறுஆய்வு செய்யப்பட்டன. 1989இல் ஒருதலைப்பட்சமாக அணு ஆயுதத்தைத் துறக்கும் கொள்கை கைவிடப்பட்டது. இடங்கள் 209இலிருந்து 229 ஆகி, 1992இல் 271 ஆயின. அந்தத் தேர்தலிலும் தோற்றுக் கின்னக் விலகினார் என்பதை மறுக்கவில்லை. தலைவர் மக்களிடம் எடுபடாதபோதும் கட்சி ஏறிக்கொண்டே இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எங்கள் அணிக்குக் கிடைக்காது.

அடுத்தது அந்த அட்டை. தொழிலாளர் கட்சி மாநாட்டின் வாக்குகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு தொழிற்சங்கங்களிடம் இருந்தது. ஒரு பெரிய சங்கத்தின் சார்பில் ஓர் அட்டை உயர்ந்தால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் ஒரே பக்கம் விழும். அந்தப் பத்து லட்சம் பேரில் எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பது வேறு கதை. வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுத்த உறுப்பினரின் வாக்கு அங்கே எங்கே எண்ணப்படும்? 1993இல் பிரைட்டன் மாநாட்டில் தலைவர் ஜான் ஸ்மித், வேட்பாளர் தேர்வில் உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற விதியைத் தன் பதவியையே பணயம் வைத்துக் கொண்டுவந்தார். மயிரிழையில் அது நிறைவேறியது. அதோடு மாநாட்டில் சங்கங்களின் பங்கும் 70 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 1994 மே மாதம் ஸ்மித் திடீரென்று காலமானார். ஜூலையில் பிளேர் வந்தார். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவரை வீடு கட்டியவர் என்று புகழ்வது எதிரணியின் பெருந்தன்மை.

பிளேரின் சாதனை என்று எல்லோரும் சொல்வது கட்சிச் சட்டதிட்டத்தின் நான்காம் பிரிவைத் திருத்தியது. உற்பத்திச் சாதனங்கள் பொதுவுடைமையாக வேண்டும் என்று 1918இல் எழுதப்பட்டு, உறுப்பினர் அட்டையின் பின்புறத்தில் அச்சாகி வந்த வாசகம் அது. இதே பிரிவைத் திருத்த வேண்டும் என்று, தொடர்ந்து மூன்றாவது முறை தோற்ற 1959ஆம் ஆண்டிலேயே அன்றைய கட்சித் தலைவர் ஹியூ கெய்ட்ஸ்கெல் கேட்டார். சங்கங்கள் மறுத்தன, 1960இல் அவர் அந்த முயற்சியையே கைவிட்டார். 1995 ஏப்ரலில் பிளேர் கேட்டபோது நிறைவேறியது. எப்படி? சங்கங்களின் வாக்கில் பாதியைச் சற்றே தாண்டிய ஆதரவுதான் கிடைத்தது. ஆனால் பல தொகுதிக் கிளைகள் தம் உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் வாக்குக் கேட்டிருந்தன. தொகுதிப் பிரிவில் ஏறக்குறைய 90 விழுக்காடு திருத்தத்தின் பக்கம் நின்றது. 1997 அளவில் உறுப்பினர் தொகை நான்கு லட்சத்தை எட்டியதற்கும், வந்தவருக்கு உள்ளே ஒரு வாக்கு காத்திருந்தது என்பதற்கும் தொடர்பே இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சோவியத் ஒன்றியம் கலைந்திருந்தது, காலமும் மாறியிருந்தது என்று எதிரணி சொல்லலாம். அதுவும் தலைமைக்குச் சான்றாகாது. கெய்ட்ஸ்கெல் பேசத் தெரியாதவரும் அல்லர், அஞ்சியவரும் அல்லர். அணு ஆயுதப் பிரச்சினையில் 1960 ஸ்கார்பரோ மாநாட்டில் தோற்கப் போவது தெரிந்தும், நாம் நேசிக்கும் கட்சியைக் காக்கப் போராடுவோம், மீண்டும் மீண்டும் போராடுவோம் என்று முழங்கியவர் அவர். அப்படிப்பட்ட தலைவரால் ஒரு வாசகத்தைத் திருத்த முடியாமல் போனது ஏன் என்பதை, எதிரணியில் அடுத்துப் பேச வரும் நண்பர் விளக்கிவிட்டுத் தம் உரையைத் தொடங்க வேண்டும் என்று நடுவர் அவர்கள் வழியாகக் கேட்டு, அமர்கிறேன். நன்றி, வணக்கம்.