ஜோன் பயஸ் ரெக்கார்டு வந்தாச்சு, ஆனால் முள் குதிக்கிறது!

வந்தாச்சு! போன வீடியோவில் அலமாரியில் ஒரு காலி இடத்தைக் காட்டி, "இது ஒரே ஒரு ரெக்கார்டுக்காக" என்று சொன்னேனே, அது இதுதான். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகி ஜோன் பயஸின் 'டேவிட்ஸ் ஆல்பம்', 1969-இல் வந்த இசைத்தட்டு.

முதலில் விலை. சொல்லாவிட்டால் எல்லோரும் அதைத்தான் கேட்பீர்கள். கடைக்காரர் 3,200 ரூபாயில் ஆரம்பித்தார். உறையின் ஓரம் கிழிந்திருப்பதைக் காட்டினேன், 2,800 ஆனது. அப்புறம் நான் வாயே திறக்கவில்லை. ரெக்கார்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றேன். 2,400! சும்மா நின்றே 400 ரூபாய் குறைத்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் எனக்கு இப்படி நடந்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து பிளேயரில் போட்டால், எந்தப் பாட்டுக்காக வாங்கினேனோ அதிலேயே முள் குதிக்கிறது. 'கிரீன், கிரீன் கிராஸ் ஆஃப் ஹோம்'. ஒருவன் ஊர் திரும்புகிறான். ரயிலை விட்டு இறங்கினால் அம்மா அப்பா நிற்கிறார்கள், மேரி ஓடி வருகிறாள், சின்ன வயதில் விளையாடிய ஓக் மரம் அப்படியே இருக்கிறது. கடைசியில் விழித்துக்கொள்கிறான். சுற்றிலும் நாலு சுவர். காவலர், பாதிரியார். விடிந்தால் மரண தண்டனை. இனி அந்த மரத்தடியில் புதைக்கத்தான் அவனைக் கொண்டுபோவார்கள்.

உங்களில் பலருக்கு இது டாம் ஜோன்ஸ் பாட்டு. 1966-இல் பிரிட்டனில் முதலிடத்துக்குப் போய் ஏழு வாரம் அங்கேயே இருந்தது. எனக்குப் பிடிக்காது. அத்தனை வயலின், அத்தனை கோரஸ்! நமக்கு முன்னாலேயே பாட்டு அழுதுவிடுகிறது. பயஸ் அப்படிச் செய்வதில்லை. கதையைச் சொல்கிறார், அவ்வளவுதான்.

அட, பாட்டை எழுதியவரைச் சொல்லவே இல்லையே. கர்லி புட்மன். 1965-இல் போர்ட்டர் வாகனர் என்ற பாடகர் பாடி, கன்ட்ரி எனும் அமெரிக்க கிராமிய இசையின் ரசிகர்களிடம் பரவியது. ஆல்பத்தின் பெயரில் இருக்கும் டேவிட், பயஸின் அப்போதைய கணவர் டேவிட் ஹாரிஸ். வியட்நாம் போருக்கு ஆள் எடுத்தபோது போகமாட்டேன் என்று மறுத்ததற்காகத் தண்டனை பெற்றவர். கன்ட்ரி பாட்டு என்றால் அவருக்கு உயிர். அதனால்தான் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் போய் இந்த ஆல்பத்தைப் பதிவு செய்தார் பயஸ். 1969 ஜூலையில் ஹாரிஸ் சிறைக்குப் போனார். அதற்கு முன்பே ஆல்பம் தயார். சிறைக்குப் போகப்போகிற கணவனுக்கு, சிறையில் இருப்பவன் காணும் ஊர்க் கனவைப் பாடிக் கொடுத்திருக்கிறார்!

அதே வருடம் ஸ்மதர்ஸ் சகோதரர்கள் என்ற அமெரிக்க நகைச்சுவை ஜோடியின் டிவி நிகழ்ச்சியிலும் இதே பாட்டை அவருக்காகப் பாடினார். கணவர் சிறைக்குப் போகிறார் என்றதை ஒளிபரப்பினார்கள். ஏன் போகிறார் என்றதை வெட்டிவிட்டார்கள். பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? ஏதோ திருட்டு வழக்கு என்றுதானே! எனக்கு இப்போதும் ஆத்திரம் ஆறவில்லை.

சரி, முள். அவன் விழிக்கப்போகிற இடத்தில் பின்னால் குதித்துவிடுகிறது. மறுபடி ஓக் மரம், மறுபடி ஓக் மரம். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, மெல்லிய துணியால் கோட்டின் போக்கிலேயே துடைத்தேன். இரண்டு முறை பலிக்கவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கடுகில் கால்வாசி அளவு அழுக்கு. பல்குத்தும் குச்சியால் மெதுவாக நெருடி எடுத்தேன்.

கேளுங்கள்... மரம்... இதோ, தாண்டிவிட்டது! விழித்துவிட்டான்.

இரண்டாவது பக்கத்தை இன்னும் போடவில்லை. அதையும் கழுவிக் காயவைத்த பிறகுதான்.