பூட்டிய பியானோவும் ஒரு போட்டியும்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

நான் திருவாரூரில் பியானோ சொல்லிக்கொடுக்கிறவள். இதைச் சொன்ன உடனே எதிரில் இருப்பவர், "கீபோர்டா டீச்சர்?" என்று கேட்பார். இல்லை, பியானோதான். தியாகராஜரும் தீட்சிதரும் சியாமா சாஸ்திரியும் பிறந்த ஊரில் பியானோவுக்கு என்ன வேலை என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் இங்கிலீஷ் பேண்ட் மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்கிறோமே, அதுதான். ஏறக்குறைய 40 இருக்கும். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்றுக்கொண்டு நம் கச்சேரிக்குள் கொண்டுவந்தார். தஞ்சாவூரில் 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி அரண்மனையிலேயே மேற்கத்திய வாத்தியக் குழு வைத்திருந்தார். அவர் சேர்த்த மேற்கத்திய இசைக் குறிப்புகள் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. ஆகவே நான் ஒன்றும் வேற்றூர்ச் சரக்கை இறக்குமதி செய்யவில்லை.

வயலின் நம்மோடு ஒட்டிக்கொண்டது, பியானோ ஒட்டவில்லை. காரணம் எளிது. வயலினில் விரலை வழுக்கினால் கமகம் வரும். பியானோவில் ஒரு கட்டையை அமுக்கினால் அந்த ஸ்வரம்தான், அதை அசைக்க முடியாது. அதனால் அது சர்ச்சிலும் கான்வென்ட் பள்ளிக்கூடத்திலும் மூலையில் நின்றுவிட்டது. சரி, அது பழைய கதை. இன்று சொல்ல வந்தது ஒரு போட்டியைப் பற்றி. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பியானோ மாணவர்களுக்கான தேசியப் போட்டி ஒன்றுக்கு நம் பக்கத்துப் பெண் ஒருத்தி போய் வந்தாள். போட்டியின் பெயரும் வேண்டாம், பெண்ணின் பெயரும் வேண்டாம்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் அவள் ஊர். அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். சனிக்கிழமைதோறும் நான் பஸ்ஸில் போய் அங்கே ஒரு சர்ச் கூடத்தில் நாலைந்து பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பேன். கீபோர்டுதான், 61 கட்டை. கூடத்தின் மூலையில் ஒரு பழைய நிமிர்ந்த பியானோ உண்டு. அதன் மேல் பாமாலைப் புத்தகங்களும் மெழுகுவத்திப் பெட்டியும் ஏறி உட்கார்ந்திருக்கும்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது உங்களுக்கு நினைவிருக்கும். நாலு நாள் கழித்துத்தான் என்னால் அங்கே போக முடிந்தது. கூடத்தின் கூரை பாதி இல்லை, பியானோ நனைந்துகொண்டிருந்தது. அதை உள்ளே ஆயர் வீட்டு வராந்தாவுக்கு நகர்த்த வேண்டும். அந்தப் பெண்ணின் அப்பா இரண்டு சிநேகிதர்களோடு வந்தார். சுற்றி ஒரு தடவை பார்த்துவிட்டு, "எவ்வளவு இருக்கும் டீச்சர்?" என்றார். 240 கிலோ இருக்கும் என்றேன். "ஆறு மூட்டை" என்றார். அவர் தூக்குகிற மூட்டை 40 கிலோ. கயிறு கட்டித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஈரத்தில் மரம் ஊதி, பாதிக் கட்டைகள் அமுங்கினால் எழவில்லை. சாதாரண நாளில் பியானோவுக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டுக் காயவைப்போம். ஐப்பசி கார்த்திகையில் இது எங்களுக்கு வாடிக்கை. அப்போது கரண்டே கிடையாது. அதனால் முன்பலகையைக் கழற்றி, கம்பிகளை அடிக்கிற சுத்தியல்கள் வரிசையாக இருக்கிற சட்டத்தை அப்படியே வெளியே எடுத்து வைத்தோம். பிறகு கட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, பாய் விரித்து இளவெயிலில் பரப்பினோம், வடகம் காயப்போடுகிற மாதிரி. ஒவ்வொரு கட்டையிலும் இடமிருந்து எண் பொறித்திருப்பார்கள், 1 முதல் 88 வரை. பதினொரு வயதுப் பெண், பாவாடையை மடித்துக் குந்தி உட்கார்ந்து, 43-ம் எண்ணைக் காக்கை தட்டிவிடாமல் காவல் இருந்தாள். அடியில் எலிக்கூடு ஒன்று கிடைத்தது. சுத்தியலின் கம்பளியைக் கடித்து, பாமாலையின் ஒரு பக்கத்தையும் கிழித்து மெத்தை போட்டிருந்தது எலி. பக்தியான எலி.

அந்த ஊருக்குக் கரண்ட் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. கீபோர்டு பெட்டிக்குள் செத்துக் கிடந்தது. பியானோவுக்குக் கரண்ட் எதற்கு? சாயங்காலம் மெழுகுவத்தி ஏற்றிவைத்து அவள் வாசித்துக்கொண்டே இருந்தாள். முதல் நாள் கை வலிக்கிறது என்றாள். வலிக்கும். கீபோர்டில் நாம் அமுக்குவது ஒரு சின்ன ஸ்ப்ரிங்கை. பியானோவில் கட்டையின் ஒரு முனையை அமுக்கினால் மறுமுனையில் ஒரு சுத்தியல் எகிறிப் போய்க் கம்பியில் அடித்துவிட்டுத் தானாகப் பின்வாங்கும். எவ்வளவு வேகமாகக் கட்டை இறங்குகிறதோ அவ்வளவு சத்தம். இறங்குகிற தூரம் ஒரு சென்டிமீட்டர்தான். அந்த ஒரு சென்டிமீட்டருக்குள்தான் மெதுவும் பலமும், அழுகையும் அதட்டலும். நடு ஸ்தாயியில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மூன்று கம்பி. மொத்தம் இருநூற்றுச் சொச்சம் கம்பிகள், எல்லாம் சேர்ந்து உள்ளே இருக்கிற இரும்புச் சட்டத்தை இழுக்கிற இழுப்பு பதினெட்டு, இருபது டன் வரும். அவள் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "ஒரு லாரி லோடு" என்றார்.

ஆறு வருடம் கழித்துப் போட்டிக்கு விண்ணப்பித்தோம். முதல் சுற்று வீடியோ. வெட்டாமல் ஒட்டாமல் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். டெல்டாவில் பத்து நிமிடம் சத்தமில்லாத இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் முதல் சுற்று என்று நான் சொல்வேன். மார்கழியில் எடுக்கப் பார்த்தோம், விடியற்காலை நாலரைக்கே கோயில் ஒலிபெருக்கி. மத்தியானம் எடுத்தால், பழைய இரும்பு, பழைய பேப்பர் என்று பதிவு பண்ணின குரலோடு தள்ளுவண்டி. அவ்வளவு அழகாக வந்த ஒரு வாசிப்பு, "ஈயம் பித்தாளைக்குப் பேரீச்சம்பழம்" என்று முடிந்தது. கடைசியில் பொங்கல் கழிந்து ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு, மோட்டார் கொட்டகைக்காரரிடம் சொல்லி அரைமணி நேரம் பம்பை நிறுத்தச் சொல்லி எடுத்தோம். அவரும் வந்து வாசலில் நின்று கேட்டார்.

இந்தப் போட்டிகளில் பெரும்பாலும் நாலு காலத்து இசையை வாசிக்கச் சொல்வார்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் அல்லது அவர் காலத்தவர், பிறகு ஹைடன், மோட்சார்ட், பேத்தோவன் வகையில் ஒரு சொனாட்டா, அதாவது வாத்தியத்துக்கென்றே எழுதிய உருப்படி, பிறகு ஷோப்பான் மாதிரி ஒருவர், பிறகு இருபதாம் நூற்றாண்டு. எல்லாம் பார்க்காமல் மனப்பாடமாக. மனப்பாடம் நம் பிள்ளைகளுக்குப் பிரச்சினையே இல்லை. திருப்புகழை ஒப்பிக்கிற ஊர். அவள் பாக்குக்குப் பதில் ஸ்கார்லட்டியை எடுத்தாள். பாக் பிறந்த அதே 1685-ல் பிறந்தவர், 555 சொனாட்டாக்கள் எழுதியவர். அவள் எடுத்த டி மைனர் சொனாட்டாவில் ஒரே ஸ்வரத்தைக் கடகடவென்று, விரலை மாற்றி மாற்றி, அடித்துக்கொண்டே போக வேண்டும். தவிலில் ஃபரன் என்கிற வேகச் சொற்கட்டு மாதிரி இருக்கும்.

இங்கேதான் என் தப்பு. நிமிர்ந்த பியானோவில் கட்டை ஏறக்குறைய முழுக்க மேலே வந்தால்தான் மறுபடி அடிக்க முடியும். படுத்த பியானோவில், அதுதான் கிரேண்டு, கட்டை பாதி எழும்பினாலே போதும், சுத்தியல் அடுத்த அடிக்குத் தயார். பாரிஸைச் சேர்ந்த பியானோ தயாரிப்பாளர் எரார் 1821-ல் கொண்டுவந்த ஏற்பாடு அது. இது எனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் அவள் வாழ்நாளில் கிரேண்டைத் தொட்டதில்லை என்பதை நான் மறந்துபோனேன். ஆறு வருடமாக அந்த ஈரம் குடித்த பழைய பியானோவோடு மல்லுக்கட்டி, ஒவ்வொரு அடிக்கும் முழு பலம் கொடுத்துப் பழகியவள் அவள்.

அரையிறுதிக்குத் தேர்வாகி, வடக்கே ஒரு பெரிய நகரத்துக்கு இரண்டு ராத்திரி ரயிலில் போனோம். அரங்கில் கண்ணாடி மாதிரி ஒரு கிரேண்டு. பழகிப் பார்க்கப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். உலகம் முழுக்க இப்படித்தான். வார்சாவில் 1927-லிருந்து நடக்கிற ஷோப்பான் போட்டியிலேகூட, ஸ்டைன்வே, யமஹா, ஃபாசியோலி என்று பல கம்பெனிப் பியானோக்களை வரிசையாக நிறுத்தி, கால் மணி நேரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடு என்பார்கள். மற்ற வாத்தியக்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. நம் நாதஸ்வரக்காரர் நரசிங்கம்பேட்டையில் செய்த தன் நாதஸ்வரத்தோடு வருகிறார், அதிலேயே நாலைந்து சீவாளி தொங்குகிறது, பிடிக்காததை மாற்றிக்கொள்கிறார். மிருதங்கக்காரர் ரவையைப் பிசைந்து இடப்பக்கத் தோலில் தன் கையால் ஒட்டிக்கொள்கிறார். பியானோக்காரர் மட்டும் கல்யாண மண்டபத்துக்குப் போன சமையற்காரர் மாதிரி. அங்கே என்ன அடுப்போ அதில்தான் பொங்க வேண்டும்.

அவள் உட்கார்ந்தாள். ஸ்கார்லட்டியின் முதல் வரி வெடித்தது. அவள் கொடுத்த பலத்துக்கு அந்தப் பியானோ பத்து மடங்காகத் திருப்பிக் கொடுத்தது. பயந்து பலத்தைக் குறைத்தாள், சில ஸ்வரங்கள் விழவே இல்லை. இரண்டு நிமிடம் நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேத்தோவனுக்கு வந்தபோது கை பழகிவிட்டது. ஷோப்பான் நன்றாகவே வந்தது. அவள் வாசித்ததில் அதுதான் ஆகச் சிறந்தது என்பேன். ஆனால் இறுதிச் சுற்றுக்குப் பெயர் வரவில்லை.

நடுவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நடுவர்கள் சண்டை போட்டுக்கொள்வது உண்டு. 1980-ல் வார்சாவின் அதே ஷோப்பான் போட்டியில் போகொரேலிச் என்ற இளைஞரை இறுதிக்கு விடவில்லை என்று, பியானோ மேதை மார்த்தா ஆர்கெரிச் நடுவர் குழுவிலிருந்தே எழுந்து போய்விட்டார். அந்த வருடம் ஜெயித்தவர் யார் தெரியுமா? வியட்நாமைச் சேர்ந்த தாங் தாய் சன், அந்தப் போட்டியில் முதலிடம் பெற்ற முதல் ஆசியர். போர்க்காலத்தில் ஹனோய் இசைப்பள்ளியைக் கிராமத்துக்கு மாற்றிவிட்டார்கள், அங்கே படித்து வளர்ந்தவர். அவர் ஊரும் நம் ஊர் மாதிரி நெல் விளைகிற ஆற்று டெல்டாதான். இதை அன்று ராத்திரி ரயிலில் அவளிடம் சொன்னேன். "அவங்க பியானோவைக் கிராமத்துக்குக் கொண்டுபோனாங்களா டீச்சர்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் அவள் ஒன்றும் பேசவில்லை.

இறுதிக்குப் போன பிள்ளைகளில் பலர் வீட்டில் கிரேண்டு இருக்கிறது. எங்களிடம் இருந்தது பத்து நிமிடம். திறமை, உழைப்பு என்று எவ்வளவோ பேசலாம், எனக்கு இந்தக் கணக்குதான் தெரிகிறது.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று. கிரேண்டு நம் டெல்டாவில் இல்லாமல் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறடி கிரேண்டு ஒன்று இருக்கிறது. யாரோ எப்போதோ தானமாகக் கொடுத்தது. பச்சை வெல்வெட் போர்த்தி, மேலே விளையாட்டுக் கோப்பைகளும் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியும். சாவி அலுவலக அறையின் இரும்பு அலமாரியில். ஆண்டு விழாவன்று மட்டும் திறப்பார்கள், அன்றும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுப்பதோடு சரி. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என் மாணவியை வாசிக்க விடுங்கள், காசு வாங்காமல் சுருதி சேர்த்துத் தருகிறேன் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன். "பிள்ளைங்க கை வச்சா கெட்டுடும் டீச்சர்" என்றார்கள். கை வைக்காததால்தான் அது கெட்டுக்கொண்டிருக்கிறது. கம்பளியில் பாச்சை ஏறுகிறது, உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கிறது, வாசிக்காத பியானோவை எலிதான் வாசிக்கிறது. நம் பக்கத்துச் சர்ச்சுகளிலும் பழைய வீடுகளிலும் இப்படி இன்னும் எத்தனை மூடிக் கிடக்கின்றனவோ. உங்களுக்குத் தெரிந்து ஒன்று இருந்தால் இந்த நிலையத்துக்கு ஒரு கார்டு போடுங்கள். சுருதிக் கவையும் ட்யூனிங் சாவியும் எடுத்துக்கொண்டு நான் பஸ் ஏறி வந்துவிடுவேன்.

வருகிற திங்கட்கிழமை அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மூன்றாவது தடவையாகப் போகிறேன். இந்தத் தடவை அவளும் வருகிறாள். அவள் அப்பாவிடம் சொன்னபோது, "கொடுக்கமாட்டேன்னா சொல்லுங்க டீச்சர், நாங்க நாலு பேர் வந்து தூக்கிட்டு வந்துடறோம், ஆறு மூட்டைதானே" என்று சிரித்தார். கிரேண்டு எட்டு மூட்டை வரும் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

வணக்கம்.